பதினைந்தாண்டு அனுபவமும் முக்கால் மணி நேரப் பரீட்சையும்

உத்தியோகம் என்றதும் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது பரீட்சைதான். படிக்கும் பருவத்திலே பல பரீட்சைகள்; படித்து முடிந்தபின் உத்தியோகம் பெறுவதற்கென்று மேலுமொரு பரீட்சை. அதனோடு அந்தத் தொல்லை தீர்ந்தது என்றே பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். இருபது ஆண்டுகள் தொழில் செய்த சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் வேறொரு வைத்தியசாலைக்கு விண்ணப்பித்தால், கைவிரல் எலும்புகளின் பெயர்களை ஒப்புவிக்கும்படி அவரை எவரும் கேட்பதில்லை. நூறு வீடுகள் கட்டிய மேசனிடம், மூலைமட்டத்தின் கணிதத்தை விளக்குமாறு கேட்பாருமில்லை. அவர் கட்டிய வீடுகளே அவருக்காகப் பேசும்.

ஆயினும், இக்காலத்திலே நல்ல ஊதியமும் மதிப்பும் பெற்று விளங்கும் தொழிலொன்றில் இந்த நியதி செல்லுபடியாவதில்லை. அதுவே கணினிக்கு மென்பொருள் எழுதும் தொழில். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு அனுபவமுடைய மென்பொருட் பொறியியலாளர் ஒருவர், அமெரிக்காவின் பெரிய கம்பனி ஒன்றில் இடம் பெற விரும்பினால், சர்வகலாசாலையை விட்டு நேற்று வெளிவந்த இளைஞனோடு ஒரே வரிசையில் நின்று, ஒரே விதமான கணக்குகளுக்கு விடை எழுதிக் காட்டவேண்டும். இது நியாயமா, அநியாயமா என்பது பற்றி அத்தொழிலினரிடையே பல ஆண்டுகளாக வாதம் நடந்து வருகின்றது. நம் குடும்பங்களிலும் இத்தொழிலை நாடும் பிள்ளைகள் பலர் இருப்பதால், இவ்விடயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வது பயனுடையதாகும்.

வெண்பலகையின் முன்னே

முதலில் இந்த நேர்முகப் பரீட்சை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை நோக்குவோம். பரீட்சார்த்தியை ஓர் அறையில் இருத்துவர். எதிரே அக்கம்பனியின் பொறியியலாளர் ஒருவர் அமர்ந்திருப்பார். சுவரிலே வெண்பலகை ஒன்று தொங்கும். ஒன்று அல்லது இரண்டு புதிர்க் கணக்குகளைக் கொடுத்து, ஏறக்குறைய நாற்பத்தைந்து நிமிடங்களுக்குள் அவற்றைத் தீர்க்கும் செய்நிரலை எழுதும்படி சொல்வர். எழுதிக்கொண்டே தம் சிந்தனையை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். அது முடிந்ததும் வேறொருவர் வருவார். வேறொரு கணக்கு வரும். ஒரே நாளில் நான்கைந்து முறை இவ்வாறு நிகழ்வதுண்டு. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபின் வெண்பலகையின் இடத்தைக் கணினித் திரை பிடித்துக்கொண்டது. மற்றவை பெரிதும் மாறவில்லை.

அக்கணக்குகள் எத்தகையன? அவற்றை ‘அல்கோரிதம்’ சார்ந்த கணக்குகள் என்பர். ஒன்பதாம் நூற்றாண்டிலே பக்தாத் நகரில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்னும் கணித மேதையின் பெயரே திரிந்து இச்சொல்லாயிற்று. ஒரு காரியத்தைத் தவறின்றி முடிப்பதற்கான படிமுறையே அல்கோரிதம் எனப்படும்.

எளிய உதாரணம் ஒன்று காட்டுவோம். அகராதியில் ஒரு சொல்லைத் தேடுகிறோம். முதற்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவார் எவருமிலர். நடுவிலே திறக்கிறோம், தேடும் சொல் அதற்கு முன்னுள்ளதா, பின்னுள்ளதா என்று பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளிவிடுகிறோம். எஞ்சிய பாதியையும் நடுவிலே திறக்கிறோம். இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்தால், ஆயிரம் பக்கங்கள் கொண்ட நூலிலே பத்துத் தடவைக்குள் உரிய பக்கத்தை அடைந்துவிடலாம். பத்து இலட்சம் பெயர்கள் கொண்ட பட்டியலாயினும் இருபது தடவை போதும். இதற்குத் துவிதத் தேடல் என்று பெயர்.

மற்றொன்று இன்னும் சுவையானது. ஒவ்வொரு வளையமும் அடுத்த வளையத்தை மாத்திரமே காட்டும் ஒரு நீண்ட சங்கிலி உண்டென்று கொள்வோம். அது எங்கேனும் ஓரிடத்தில் முடிகின்றதா, அல்லது வந்த வழிக்கே திரும்பி முடிவின்றிச் சுழல்கின்றதா? இதைக் கண்டறிய ஓர் ஆமையையும் ஒரு முயலையும் அதன்மேல் ஓடவிட வேண்டும். ஆமை ஒவ்வோர் அடியாகவும் முயல் இரண்டிரண்டு அடியாகவும் செல்லும். சங்கிலி சுழலுமாயின், முயல் சுற்றி வந்து என்றேனும் ஆமையைச் சந்தித்தே தீரும். சங்கிலிக்கு முடிவு இருக்குமாயின், முயல் அதன் முனையை அடைந்துவிடும். றொபேட் புளொயிட் என்பாருக்கு உரியதாகக் கூறப்படும் இந்த யுக்தி, நேர்முகப் பரீட்சைகளில் அடிக்கடி தலைகாட்டும். இதனை முன்னரே கேள்விப்பட்டவன் இரண்டு நிமிடத்தில் விடை சொல்வான். கேள்விப்படாதவன், எத்துணை அறிவாளியாயினும், முக்கால் மணி நேரத்தில் தானாகவே அதைக் கண்டுபிடித்தல் எளிதன்று. வாதத்தின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

மரத்தைத் திருப்பத் தெரியாதவர்

2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை இத்தொழிலினர் இன்றும் எடுத்துச் சொல்வர். மக்ஸ் ஹோவெல் என்பவர் 2009ஆம் ஆண்டில் ‘ஹோம்புறூ’ என்னும் மென்பொருளை ஆக்கியவர். அப்பிள் கணினிகளில் வேறு மென்பொருட்களை இலகுவாக நிறுவ உதவும் அச்சாதனத்தை உலகெங்கும் செய்நிரலாளர் பலர் நாள்தோறும் கையாளுகின்றனர். அவர் கூகிள் கம்பனியின் நேர்முகப் பரீட்சைக்குச் சென்று தேர்வு பெறாது திரும்பினார். “உங்கள் பொறியியலாளரிற் பெரும்பாலோர் நான் எழுதியதைப் பயன்படுத்துகின்றனர், ஆயினும் வெண்பலகையிலே துவித மரமொன்றைத் திருப்பத் தெரியாமையால் நான் வேண்டாதவனானேன்” என்னும் கருத்துப்பட அவர் பொதுமேடையிலே மனம் வெதும்பி எழுதினார்.

துவித மரம் என்பது, ஒவ்வொரு கணுவிலும் இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என இரண்டுக்கு மேற்படாத கிளைகள் பிரியும்படி தரவுகளை ஒழுங்குபடுத்தும் முறை. அதைத் திருப்புவதாவது, கண்ணாடியிலே தோன்றும் பிம்பம்போல இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றுவது. தெரிந்தவருக்கு அது சில வரிகளில் முடியும் வேலை. ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று நகைத்தவர்களும் உளர். உலகம் பயன்படுத்தும் பொருளைச் செய்தவனுக்கு இச்சிறு கணக்கு எதற்கு என்று பரிந்து பேசியவர்களும் உளர். பின்னாளில் ஹோவெலே, தம் சொற்கள் அக்கம்பனிக்கு முற்றும் நியாயம் செய்வன அல்ல என்று எழுதியமை அவருடைய நேர்மைக்குச் சான்றாகும். ஆனால் அவர் கிளப்பிய வினா மாத்திரம் அடங்கவில்லை.

அன்றாட வேலை எது?

அனுபவமுள்ள பொறியியலாளரின் அன்றாட வேலை யாது? பிறர் எழுதிவிட்டுப் போன பல்லாயிரம் வரிகளைப் படித்து விளங்கிக்கொள்வது; நள்ளிரவில் இயக்கம் தடைப்பட்டால் பிழை எங்கேயென்று துருவிக் காண்பது; இளையோருக்கு வழிகாட்டுவது; எதைச் செய்யவேண்டும் என்பதனிலும் எதைச் செய்யாது விடவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. பட்டியலை வரிசைப்படுத்துதல், துவிதத் தேடல் போன்றவற்றை அவர் தாமாக எழுதுவது அரிது. தேர்ந்தோர் எழுதிச் சோதித்த ஆயத்தச் செய்நிரல்கள் ஒவ்வொரு கணினி மொழியோடும் கூடவே வருகின்றன. அவற்றை எடுத்தாள்வதே விவேகம்.

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மேலே நாம் கூறிய துவிதத் தேடல், கேட்பதற்கு எத்துணை எளிதாக இருக்கின்றது! அது முதன்முதலாக 1946ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஆனால் எல்லா அளவுப் பட்டியல்களுக்கும் பிழையின்றிப் பொருந்தும் வடிவம் அதன்பின் பல ஆண்டுகள் வரை அச்சேறவில்லை என்று கணினியியற் பேரறிஞர் டொனால்ட் குனூத் எழுதியுள்ளார். ஜோன் பென்ற்லி என்னும் அறிஞர், தொழில்முறைச் செய்நிரலாளர்களுக்கு இரண்டொரு மணி நேரம் அவகாசம் கொடுத்து இதனை எழுதச் சொன்னபோது, அவர்களிற் பத்தில் ஒன்பது பேரின் விடையிலே பிழையிருந்ததாக 1986ஆம் ஆண்டு வெளியான தமது நூலிற் குறிப்பிட்டார். அத்தோடு கதை முடியவில்லை. ஜாவா மொழியின் ஆயத்தச் செய்நிரலில் இத்தேடலை எழுதிய ஜோஷுவா புளொக், தாம் எழுதியதிலும் பென்ற்லியின் நூலிலும் ஒரு பிழை ஒளிந்திருந்ததை 2006ஆம் ஆண்டிலே வெளிப்படுத்தினார். பட்டியல் நூறு கோடிக்கு மேல் நீளும்போது, இரு எண்களைக் கூட்டும் இடத்திலே கணினியின் எண் வரம்பு கடந்துவிடுகின்றது. ஒன்பது ஆண்டுகள் எவர் கண்ணிலும் அது படவில்லை!

பேரறிஞர்களே தடுமாறிய இடத்தில், பிறர் கண்காணிக்க, மணிக்கூடு ஓட, ஒருவர் பிழையின்றி எழுதவேண்டும் என்று எதிர்பார்ப்பதன் பொருத்தம் சிந்திக்கத்தக்கது. எட்ஸ்கர் டைக்ஸ்ரா என்னும் டச்சு நாட்டறிஞர், இரு இடங்களுக்கிடையே மிகக் குறுகிய பாதையைக் காணும் புகழ்பெற்ற அல்கோரிதத்தை 1956ஆம் ஆண்டிலே இருபது நிமிடத்திற் கண்டுபிடித்தார் என்பது உண்மையே. ஆனால் அவர் அப்பொழுது தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணோடு அம்ஸ்ரடாம் நகரிலே கடை சுற்றிக் களைத்து, கோப்பிக் கடையொன்றில் ஆறுதலாக அமர்ந்திருந்தார். எவரும் அவருக்குப் புள்ளியிடவில்லை.

கம்பனிகளின் பக்கம்

இனி மறுபக்கத்தையும் நோக்குதல் நீதியாகும். செய்நிரலாளரைச் சோதித்தெடுக்கும் வழக்கம் புதியதன்று. ஐ.பி.எம். கம்பனி 1955ஆம் ஆண்டிலேயே அதற்கென ஓர் ஆற்றற் பரீட்சையை வகுத்திருந்தது. பின்னர் மைக்கிரோசொவ்ற் கம்பனி விடுகதை போன்ற வினாக்களுக்குப் பேர்பெற்றது. வீதியிலுள்ள ஆட்புழை மூடி ஏன் வட்டமாயிருக்கின்றது என்பது அவற்றுள் ஒன்று. இத்தகைய விடுகதைகளால் யாதொரு பயனும் இல்லையென்று, கூகிளின் ஆளணி விவகாரங்களுக்குப் பொறுப்பாயிருந்த லாஸ்லோ பொக் 2013ஆம் ஆண்டில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைக்கு வெளிப்படையாகக் கூறினார். விடுகதை மறைந்த இடத்தில் அல்கோரிதக் கணக்கு நிலைபெற்றது.

கம்பனிகள் சொல்லும் காரணங்கள் வலுவற்றவை அல்ல. வைத்தியருக்கும் சட்டத்தரணிக்கும் உள்ளதுபோல் செய்நிரலாளருக்கு அனுமதிப் பத்திரம் கிடையாது. பதினைந்தாண்டு அனுபவம் என்று விண்ணப்பத்தில் எழுதலாம். அந்தப் பதினைந்து ஆண்டிலும் ஒருவர் செய்தது யாதென்று அறிவது எங்ஙனம்? மேசன் கட்டிய வீட்டை வீதியில் நின்று பார்க்கலாம். செய்நிரலாளர் எழுதியதோ முன்னைய கம்பனியின் இரகசியச் சொத்து. அதை எடுத்து வந்து காட்ட முடியாது. ஒன்று முதல் நூறு வரை எண்களை அச்சிட்டு, மூன்றின் மடங்குக்கு ஒரு சொல்லும் ஐந்தின் மடங்குக்கு வேறொரு சொல்லும் இடுமாறு கேட்டால், அதையும் செய்யத் தெரியாத விண்ணப்பதாரிகள் பலர் வருகின்றனர் என்ற முறைப்பாடு 2007ஆம் ஆண்டில் பெரிதும் பேசப்பட்டது. அன்றியும், தகுதியற்ற ஒருவரைச் சேர்த்துவிட்டு வருந்துவதிலும் தகுதியுள்ள ஒருவரை இழப்பது மேல் என்பது பெரிய கம்பனிகளின் கணக்கு. வாயிலிலே ஆயிரக்கணக்கானோர் நிற்கையில் அவர்களுக்கு அக்கணக்குச் சரியாகவே இருக்கும்.

மற்றொரு நன்மையையும் மறத்தலாகாது. புகழ்பெற்ற சர்வகலாசாலையின் பட்டமோ செல்வாக்குள்ளோர் அறிமுகமோ இல்லாத ஒரு பிள்ளை, கணக்கைச் சரியாகத் தீர்த்தால் உள்ளே நுழையலாம். ‘யாருடைய பிள்ளை’ என்று கேளாது ‘என்ன தெரியும்’ என்று கேட்கும் பரீட்சை, ஒரு வகையிற் சமத்துவமானதே.

ஆராய்ச்சி சொல்வது

ஆயின், இப்பரீட்சை உண்மையில் எதை அளக்கின்றது? அமெரிக்காவின் வட கரோலினா மாநிலச் சர்வகலாசாலையினரும் மைக்கிரோசொவ்ற் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து 2020ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டனர். கணினியியல் மாணவர் 48 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினரைப் பரீட்சகர் முன்னிலையிலே வெண்பலகையில் எழுதச் செய்தனர். மற்றையோரைத் தனியறையில் எவரும் பாராமல் எழுதச் செய்தனர். கணக்கு இருசாராருக்கும் ஒன்றே. பிறர் பார்த்திருக்க எழுதியோரின் திறன் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. பார்வையின் முன் எழுதிய பெண்களில் ஒருவரேனும் தேறவில்லை. தனித்து எழுதிய பெண்கள் அனைவரும் தேறினர். சிறு தொகையினரிடம் செய்த பரிசோதனையாதலால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் தகாது. எனினும், நாம் அளப்பது அறிவையா, அச்சத்தையா என்று ஐயுற இது போதுமான காரணமாகும்.

பொதுவாக ஆட்களைத் தெரிவு செய்தல் பற்றி நீண்டகால ஆராய்ச்சிகள் உண்டு. எண்பத்தைந்து ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிய ஷிமிற், ஹன்ரர் என்னும் இருவர், செய்யவேண்டிய வேலையின் ஒரு பகுதியையே செய்வித்துப் பார்க்கும் முறையை 1998ஆம் ஆண்டில் முதல் வரிசையில் வைத்தனர். 2022ஆம் ஆண்டில் சக்கெற் என்பவரும் அவர் கூட்டாளிகளும் அக்கணிப்பைத் திருத்தி, எல்லோரிடமும் ஒரே வினாக்களை முறைப்படி கேட்டு, முன்னரே வகுத்த அளவுகோலாற் புள்ளியிடும் நேர்முகப் பரீட்சைக்கு முதலிடம் கொடுத்தனர். இரண்டிலிருந்தும் பெறப்படும் பாடம் ஒன்றே: வினா வேலையோடு பொருந்தவேண்டும், மதிப்பீடு ஒழுங்கோடு நடைபெறவேண்டும்.

வீட்டுக்குள்ளே நடப்பது

இவையெல்லாம் தொழில்நுட்ப விவகாரம் என்று ஒதுக்கிவிடலாகாது. 2022ஆம் ஆண்டு நவம்பரில் மெற்றா கம்பனி 11,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. 2023ஆம் ஆண்டு ஜனவரியிலே கூகிள் 12,000 பேரையும், மைக்கிரோசொவ்ற் 10,000 பேரையும், அமேசன் 18,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. பல ஆண்டுகளாக நேர்முகப் பரீட்சை என்பதையே மறந்திருந்தவர்கள் ஒரே காலையில் மீண்டும் மாணவராயினர். எச்.ஒன்.பி. விசாவில் அங்கு வாழ்வோரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. உத்தியோகம் போனால், பொதுவாக 60 நாட்களுக்குள் வேறொரு கம்பனி பொறுப்பேற்க வேண்டும், இன்றேல் நாட்டில் தங்குவதற்கு வேறு வழி தேடவேண்டும், அல்லது புறப்படவேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணம் ஆகிய அனைத்தும் அந்த அறுபது நாட்களுள் அடங்கியிருக்கும்.

நாற்பது வயதுத் தாயோ தந்தையோ, பிள்ளைகள் உறங்கியபின் மேசை விளக்கின் கீழ், இருபது வயதிலே படித்து மறந்த பாடத்தைத் திரும்பப் படிக்கும் காட்சியை எண்ணிப் பார்ப்போம். கேல் லாக்மன் மக்டவல் என்னும் அம்மையார் 2008ஆம் ஆண்டிலே முதன்முதல் வெளியிட்ட பரீட்சை வழிகாட்டி நூலின் ஆறாம் பதிப்பில் மாத்திரம் 189 கணக்குகள் உள்ளன. ‘லீற்கோட்’ போன்ற பயிற்சித் தளங்களில் அவை ஆயிரக்கணக்காகப் பெருகிக் கிடக்கின்றன. மணமாகாத இளைஞனுக்கு மாலைப்பொழுது முழுவதும் சொந்தம். குடும்பத்தவருக்கு ஒரு மணி நேரம் கிடைப்பதும் அரிது. பரீட்சை எல்லோருக்கும் ஒன்றேயாயினும், அதற்கு ஆயத்தமாகும் அவகாசம் எல்லோருக்கும் ஒன்றன்று.

தோல்வியினும் கொடியது அதனால் விளையும் மனச்சோர்வு. நேற்றுவரை பிறருக்குக் கற்பித்தவர், ‘நமக்கு ஒன்றும் தெரியாதோ’ என்று தம்மையே ஐயுறத் தொடங்குகின்றார். இவ்வேளையில் வீட்டார் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். முக்கால் மணி நேரத்தில் ஒரு புதிர் அவிழவில்லை என்பதன் பொருள், பதினைந்தாண்டு உழைப்புப் பொய் என்பதன்று. சில மாதங்கள் கழித்து மீண்டும் விண்ணப்பிக்க இடமளிக்கும் கம்பனிகள் பல; முதன்முறை தவறி மறுமுறை தேறியவர்களும் உளர்.

செய்யத்தக்கது யாது?

வழக்கம் மாறும்வரை வாழ்க்கை காத்திராது. ஆதலின் அனுபவசாலிகள் இதனைத் தம் தொழிலின் அளவுகோலாகக் கொள்ளாது, தனியானதொரு கலையாகக் கருதிப் பயில்வதே தக்கது. நூற்றுக்கணக்கான கணக்குகளை மனனம் செய்வதனால் அதிக பயன் இல்லை. துவிதத் தேடல், வரிசைப்படுத்தல், மரம், வலைப்பின்னல் முதலிய சில அடிப்படைகளை ஐயமறக் கற்று, ஒவ்வொன்றிலும் சில கணக்குகளைத் தாமே தீர்த்துப் பார்த்தல் வேண்டும். ஒரு நண்பரை எதிரே இருத்தி, வாய்விட்டு விளக்கிக்கொண்டே எழுதிப் பழகுதல் மிக முக்கியம். மேற்கூறிய பரிசோதனை காட்டியபடி, இடறுவது பெரும்பாலும் பிறர் பார்வையின் முன்னேதான். கணக்கைக் கேட்டவுடன் எழுதத் தொடங்காது, ‘பட்டியல் எவ்வளவு பெரிது? வெறுமையாக இருக்கக் கூடுமா?’ என்று முதலில் வினவுவது அனுபவத்தின் அடையாளம். நல்ல பரீட்சகர் அதனைக் கவனிக்கத் தவறார்.

மாற்றத்தின் அறிகுறிகளும் தென்படுகின்றன. வெண்பலகைக்குப் பதிலாக, பிழையுள்ள மெய்யான செய்நிரலொன்றைக் கொடுத்து, பரீட்சகரும் உடனிருந்து திருத்தச் சொல்லும் கம்பனிகள் உண்டு. வீட்டிலிருந்து செய்துவரச் சிறு வேலை கொடுப்போரும் உளர். மேலும், செயற்கை நுண்ணறிவுச் சாதனங்கள் இப்புதிர்களிற் பெரும்பாலானவற்றைக் கணப்பொழுதில் அவிழ்த்துவிடுகின்றன. திரைக்கு அப்பால் இருப்பவர் விடையைத் தாமே கண்டாரா, சாதனத்தைக் கேட்டாரா என்று அறிய இயலாமற் போகவே, ஒரு சுற்றையாவது நேரில் நடத்தவேண்டும் என்று கூகிளின் தலைவர் சுந்தர் பிச்சை 2025ஆம் ஆண்டிலே கூறினார். யந்திரம் நொடியில் விடை தரும் வினாவைக் கொண்டு மனிதரை அளப்பது எத்துணைக் காலம் நிலைக்கும் என்பது சிந்தனைக்குரியது.

பரீட்சையே வேண்டாமென்பது நம் கருத்தன்று. வேலைக்கு ஆள் எடுப்பவர் சோதித்தறிவது அவர் உரிமை; சோதனை வேலையைப் பற்றியதாக இருத்தல் வேண்டுமென்று கேட்பது வேலை தேடுபவரின் உரிமை. கிணறு வெட்ட ஆள் தேடுவோர் நீச்சற் போட்டி வைத்துத் தெரிவு செய்தால், நல்ல நீச்சற்காரர் கிடைப்பர். நீர் கிடைக்குமோ என்பது ஐயம்.

மாணவர்களுக்கு ஒரு சொல். இன்று சர்வகலாசாலையில் படிக்கும் அல்கோரிதப் பாடத்தைப் பரீட்சைக்காக மாத்திரம் படிக்கற்க. ஆமையும் முயலும் ஏன் சந்தித்தே தீரவேண்டும் என்ற காரணம் ஒருமுறை நன்கு விளங்கிவிட்டால், இருபது ஆண்டு கழித்துக் கேட்டாலும் அது நினைவிலிருக்கும். மறந்தாலும் கடதாசியில் இரண்டு கோடு கீறி மீட்டுக்கொள்ளலாம். மனனம் செய்தது அடுத்த பரீட்சையோடு போய்விடும்.